ஃபூட்டியைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி: கொங்குக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேலை நிமித்தம் மெல்பர்னுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில், அங்கேயே வளரும் பிள்ளை ஒருநாள் "நான் ஃபூட்டி ஆடப் போகிறேன், அதுதான் என் வேலை" என்று சொல்கிறது. அந்தச் செய்தி கோபிக்கோ தாராபுரத்துக்கோ தொலைபேசியில் வந்து சேர்ந்ததும் அப்பாரு கேட்கும் முதல் கேள்வி, "ஏங்கண்ணு, பந்த ஒதைச்சாச் சோறு போடுமா?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. போடும், ஆனால் மிகச் சிலருக்குத்தான் போடும், அவர்களுக்கும் சில ஆண்டுகள்தான் போடும், எந்த ஊரில் போடும் என்பதும் பிள்ளையின் கையில் இல்லை. இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளும் குடும்பம் பிள்ளைக்குப் பெரிய பலம். ஏற்றுக்கொள்ளாத குடும்பம், எவ்வளவு அன்பிருந்தாலும், நடுவழியில் பிள்ளையைத் தடுமாற வைத்துவிடும்.

முதல் வேலை, வீட்டுப் பெரியவர்கள் ஆட்டத்தைப் புரிந்துகொள்வது. ஃபூட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் நம் கால்பந்தும் அல்ல, ரக்பியும் அல்ல. 1859 இல் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்ட இந்த ஆட்டத்தில் பந்து முட்டை வடிவம், மைதானம் நீள்வட்டம், நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை, பக்கத்துக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது; உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்குள் ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும். குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் யாருடைய இடையூறும் இன்றி அடுத்த உதையை உதைக்கலாம். இருபது நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஆட்டம் நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும். நடுக்களத்தில் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம்.

தொழில்முறையில் இதை ஆடும் இடம் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்) என்ற லீக் ஒன்றே. 1897 இல், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் லீகாக ஆடத் தொடங்கி, 1990 இல் இப்பெயரைப் பெற்றது. இன்று 18 கிளப்புகள். அவற்றில் 10 விக்டோரியாவில். டாஸ்மேனியா 19 ஆவதாக 2028 இல் சேர இருக்கிறது. ஒரு கிளப்பின் பட்டியலில் நாற்பதைச் சற்று ஒட்டிய எண்ணிக்கையில்தான் வீரர்கள் இருப்பார்கள் என்பதால், நாடு முழுவதும் இத்தொழிலில் இருக்கும் ஆண்கள் 800 பேர் அளவில்தான். வேறு நாட்டில் இதற்கு இணையான லீக் கிடையாது என்பதால், இங்கே இடம் கிடைக்காதவருக்கு அயல்நாட்டில் வாய்ப்புத் தேடும் வழியும் இல்லை.

சிறு வயதில் செய்ய வேண்டியவை

ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 'ஆஸ்கிக்' என்ற தொடக்கப் பயிற்சி அந்தந்தப் பகுதியிலேயே நடக்கிறது. அதன் பிறகு வட்டார கிளப்பின் இளையோர் அணி. இந்த வயதில் புள்ளிக் கணக்கோ பரிசுக் கோப்பையோ பொருட்டே அல்ல. ஆட்டத்தின் மீது பிள்ளைக்குள்ள விருப்பம் கெடாமல் இருந்தால் போதும். வட்டார கிளப் என்பது பெற்றோரின் உழைப்பால் ஓடுவது. கோட்டோரத்தில் கொடி பிடிப்பதும், தண்ணீர்ப் புட்டியோடு மைதானத்துக்குள் ஓடுவதும், இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கித் தருவதும் முறை வைத்துப் பெற்றோர் செய்யும் வேலைகள். காரிலேயே உட்கார்ந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்பும் பெற்றோர், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அந்த ஊரோடு பழகும் வாய்ப்பையும் ஒருசேர இழக்கிறார்கள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியும் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது, பருவத்தின் தொடக்கத்திலேயே இரு பக்கத்தாரிடமும் அட்டவணையைக் காட்டிப் பேசிவிட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். தமிழை விட்டுவிட்டுத்தான் ஃபூட்டி ஆட வேண்டும் என்ற நிலைக்குப் பிள்ளையைத் தள்ள வேண்டியதில்லை.

திறன்களில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'டிராப் பன்ட்' என்ற உதை. பந்தின் தையல் எதிரே தெரியும்படி இரு கைகளாலும் சற்றே செங்குத்தாகப் பிடித்து, எந்தக் காலால் உதைக்கப் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கையால் மட்டும் இடுப்பு உயரத்திலிருந்து பந்தைக் கீழே வழிநடத்தி, கால் விரல்களை நீட்டி விறைப்பாக வைத்து, பூட்ஸின் நாடாப் பகுதி பந்தின் கீழ்முனையில் படும்படி உதைக்க வேண்டும். சரியாகப் பட்டால் பந்து தலைகீழாகப் பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும், பிடிப்பவருக்கும் எளிது. பிழை பெரும்பாலும் காலில் இருப்பதில்லை, பந்தைக் கைவிடும் விதத்தில்தான் இருக்கிறது. உயரத்திலிருந்து நழுவவிட்டால் காற்றில் பந்து சாய்ந்துவிடும். சாய்ந்த பந்தை எந்தக் காலாலும் நேராக்க முடியாது. ஆகவே சிறு பிள்ளைக்கு, உதைக்காமலேயே பந்தை நேராக விழவிட்டுப் பார்க்கும் பயிற்சியை முதலில் கொடுக்கலாம். அடுத்து, பழகாத காலாலும் அதே அளவு பயிற்சி. ஒரு காலால் மட்டும் உதைப்பவரை எதிரணி அந்தப் பக்கத்தை அடைத்தே முடக்கிவிடும் என்பதால், தேர்வாளர்கள் இரண்டு காலையும் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கம் பத்து வயதில் எளிதாக வரும், பதினேழில் மிகவும் கடினப்படும்.

நம் ஊர்க் கபடி வழக்கம் உள்ள குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கபடியின் உடல் சமநிலையும், ஆளை அணைத்துப் பிடிக்கும் துணிவும் ஃபூட்டியில் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் நாம் பெருமையாகக் கற்றுத் தரும் கணுக்கால் பிடி அங்கே தவறு. டேக்கிள் தோளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் மட்டுமே இருக்க வேண்டும்; மீறினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் போகும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரனுக்குக் கபடி கற்றுத் தரும் மாமன்மார்கள் இடுப்புப் பிடியில் கவனம் வைத்தால் இரண்டு ஆட்டத்துக்கும் பயன்படும்.

பதினைந்து முதல் பதினெட்டு வரை

திறமை தெரிய வரும் பிள்ளைகள் விக்டோரியாவில் டேலன்ட் லீக் எனப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கும், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அந்தந்த மாநில லீகின் இளையோர் அணிகளுக்கும் போகிறார்கள். மாநில அணிக்காகத் தேசிய இளையோர் போட்டியில் ஆடுபவர்களைத்தான் ஏ.எஃப்.எல். தேர்வாளர்கள் நெருங்கிக் கவனிக்கிறார்கள்.

கொங்குக் குடும்பங்கள் தடுமாறும் இடம் இங்கேதான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் வேறெதையும் தொடவிடாத மரபு நம்முடையது. ஃபூட்டியிலோ, டிராஃப்ட் என்னும் தேர்வுக்குரிய ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பும் பெரும்பாலும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்த ஆண்டின் டிசம்பர் 31 க்குள் 18 வயது நிறைவோர் தகுதி பெறுகிறார்கள். உடல்திறன் சோதனையான கம்பைன் அக்டோபரில், பொதுத்தேர்வு அக்டோபர் நவம்பரில், டிராஃப்ட் நவம்பரில். இதை முன்கூட்டியே அறிந்து, பத்தாம் வகுப்பு முடியும்போதே பள்ளியிடம் பேசி, விக்டோரியாவில் உள்ள வசதிப்படி சில பாடங்களைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடிப்பதோ, இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டாகப் பரப்பிக்கொள்வதோ நல்லது. படிப்பைக் கைவிடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பட்டியலில் பெயர் வராதவர்கள் வந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

கம்பைனில் 20 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்தும் ஓடிவந்தும் எம்பும் உயரம், வளைந்து திரும்பும் வேகம், 2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை அளக்கப்படுகின்றன. மருத்துவச் சோதனையும் நேர்காணல்களும் உண்டு. ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் நேர்காணலுக்குத் தயாராவதில்லை. தேர்வாளர்கள் வீட்டுக்கே வந்து குடும்பத்தோடு பேசுவதும் வழக்கம். அந்தச் சமயத்தில் நம் வீடுகளில் அப்பாவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறார். பிள்ளை மரியாதை கருதித் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அது பணிவு. வந்தவருக்கோ, மைதானத்தில் குரல் கொடுக்கத் தயங்கும் பிள்ளை என்று தோன்றும். காபியும் பலகாரமும் கொடுத்து உபசரித்த பிறகு, பெரியவர்கள் வாய் திறக்காமல் பிள்ளையைப் பேச விடுவதே அன்று செய்யக்கூடிய பெரிய உதவி.

டிராஃப்ட் என்பது கிளப்புகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. 1986 இல் தொடங்கியது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் முறை கிடைக்கும். பிள்ளை எந்த கிளப்பை விரும்புகிறது என்பதற்கு இதில் இடமில்லை. மெல்பர்னில் வளர்ந்தவரைப் பெர்த் கிளப் எடுத்தால், விமானத்தில் நான்கு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஊருக்குச் சில நாட்களில் குடிபெயர வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஒரு கிளப்புக்கு 100 ஆட்டமாவது ஆடியவரின் மகனை அந்த கிளப் முன்னுரிமையில் பெறலாம் என்பது நமக்குப் பொருந்தாது. ஆனால் 2016 இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி' திட்டம் பொருந்தும். பெற்றோரில் ஒருவர் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்திருந்தால், அந்தப் பகுதிக்குரிய கிளப்பின் அகாடமியில் பிள்ளை சேரலாம். பிறகு டிராஃப்டில் வேறு கிளப் கேட்டாலும், தன் தேர்வு முறைகளை ஈடாகக் கொடுத்து அந்தப் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அந்த கிளப்புக்கு வழி உண்டு. இத்திட்டத்தின் விதிகள் அவ்வப்போது மாறியிருப்பதால், சேரும் ஆண்டின் விதியை அகாடமியிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நவம்பரில் விடுபட்டவர்களுக்கு, முதன்மைப் பட்டியலுக்குத் துணையான 'ரூக்கி' பட்டியலுக்கு ஆள் எடுக்கும் ரூக்கி டிராஃப்டும், பருவத்தின் நடுவில் நடக்கும் டிராஃப்டும் இருக்கின்றன. மாநில லீகில் ஆடிக்கொண்டே இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள்.

கிளப்புக்குள்

புதியவருக்கு முதல் ஒப்பந்தம் பொதுவாக இரண்டாண்டுக்குக் குறையாது; ரூக்கிக்கு ஓராண்டாக இருக்கலாம். நவம்பரில் பயிற்சி தொடங்கும், மார்ச் முதல் ஆட்டங்கள், செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையில் ஒரு லட்சம் பேர் கூடும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறுதிப் போட்டி. முதல் ஆண்டில் பெரும்பாலோர் பெரிய அணியில் இடம் பெறாமல் மாநில லீகில்தான் ஆடுவார்கள். அதைத் தோல்வியாக எண்ணி ஊரிலிருந்து ஆளாளுக்குத் தொலைபேசியில் விசாரிப்பது பிள்ளையின் மனத்தை உடைக்கும்.

வேறு ஊருக்குப் போகும் பதினெட்டு வயதுக்காரரைக் கிளப்புகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கின்றன. போகும் முன் அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப் பருப்பும் ஒரு முட்டைப் பொரியலும் சமைக்கப் பழகியிருந்தால், ஊர் ஏக்கத்துக்கும் அது மருந்து, உடற்பயிற்சிக்கும் ஏற்ற உணவு. ஊரிலிருந்து அம்மாயி அன்போடு செய்து அனுப்பும் லேகியமும், நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் மட்டும் கூடவே கூடாது. உடம்புக்குள் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று அறியாதிருந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான். எசன்டன் கிளப்பில் 2012 பருவத்தில் நடந்த ஊசி விவகாரத்துக்காக, கிளப் ஏற்பாடு செய்ததை நம்பிப் போட்டுக்கொண்ட 34 வீரர்கள் 2016 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜோப் வாட்சன், பருவத்தின் சிறந்த வீரருக்கு லீக் தரும் பிரவுன்லோ பதக்கத்தை 2012 இல் பெற்றிருந்தார்; அதையும் இழந்தார். கிளப் மருத்துவரின் சம்மதமின்றி இருமல் மருந்துகூட வேண்டாம்.

காயங்கள் இத்தொழிலின் பகுதி. முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டு போய்விடும். ஊருக்கு அழைத்து வந்து கட்டுக் கட்டலாம் என்ற யோசனை உறவில் எழும். தயவுசெய்து அதற்கு இடம் தராதீர்கள். தலையில் படும் அடி இன்னும் கவலைக்குரியது. மூளை அதிர்ச்சி (கன்கஷன்) உறுதியானால் ஏ.எஃப்.எல். இல் குறைந்தது 12 நாட்களும், வட்டார ஆட்டங்களில் 21 நாட்களும் ஆடக் கூடாது. புகழ்பெற்ற வீரர் கிரஹாம் ஃபார்மரின் மூளையிலும், பெண் வீரர் ஹெதர் ஆண்டர்சனின் மூளையிலும் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வரும் சிதைவு நோய் இருந்தது இறப்புக்குப் பின் கண்டறியப்பட்டது. 2021 இல் கோப்பை வென்ற மெல்பர்ன் அணியில் ஆடிய ஆங்கஸ் பிரேஷா, மருத்துவர்களின் அறிவுரைப்படி 2024 இல் 28 வயதிலேயே ஓய்வு பெற்றார். பதின்வயதுப் பிள்ளை "தலைவலி இல்லை, ஆடுகிறேன்" என்று சொன்னாலும் வெளியே உட்கார வைக்கும் உறுதி பெற்றோருக்கு வேண்டும்.

நிறம் குறித்த இழிசொல் கேட்க நேர்ந்தால் பிள்ளை மறைத்துவைக்கக் கூடாது. 1993 இல் பழங்குடி வீரர் நிக்கி வின்மர் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டி நின்றதும், 1995 இல் இன்னொரு பழங்குடி வீரர் மைக்கேல் லாங் புகார் செய்ததும்தான் லீகில் இனவசை விதியைக் கொண்டு வந்தன. சொன்னது என்ன, எந்தக் கால்பகுதியில், யார் கேட்டார்கள் என்பதை அன்றே எழுதி கிளப்பிடம் கொடுக்க வேண்டும்.

உறவினர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வீரர்கள் இந்த ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டக் கூடாது. அணிக்குள் மட்டும் தெரிந்த செய்தியைப் பந்தயத்துக்குப் பயன்படும்படி வெளியே சொல்வதும் குற்றம். ஆகையால், "தம்பிக்குக் கால் சரியில்லையாம், இந்த வாரம் ஆடமாட்டானாம்" என்று பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பிள்ளையின் வேலைக்கே உலை வைக்கலாம்.

பணமும் அதன் பிறகும்

2023 இல் வீரர் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி, 2027 இல் ஆண் வீரரின் சராசரி ஆண்டு ஊதியம் 5 லட்சம் டாலரைத் தாண்டும். முதல் ஆண்டு வீரருக்கு அதில் ஒரு பகுதியே. பிரெண்ட் ஹார்வி போல 432 ஆட்டங்கள் ஆடியவர்கள் அபூர்வம். ஐம்பது ஆட்டங்களை எட்டாமலேயே பலருடைய காலம் முடிந்துவிடுகிறது. வீரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வரத் தொடங்கியதும் பெருந்துறையில் காடு, பள்ளிபாளையத்தில் தறி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி என்று ஊரிலிருந்து யோசனைகள் வரும். எல்லாம் நல்ல தொழில்களே, ஆனால் நேரில் நின்று பார்க்க முடியாதவருக்கு அல்ல. முதல் ஒப்பந்தம் முடியும்வரை எதிலும் இறங்காமல், ஓராண்டுச் செலவுக்கான தொகையை ஒதுக்கி வைப்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்த காலத்திலேயே ஒரு பட்டமோ தொழிற்படிப்போ பகுதிநேரமாகப் படிக்க வீரர் சங்கம் உதவி செய்கிறது; முதல் ஆண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு 2017 இல் தொடங்கிய ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்ற பெண்கள் லீக் இருக்கிறது, 2022 முதல் 18 கிளப்புகளுக்கும் பெண்கள் அணி உண்டு, களத்தில் பக்கத்துக்கு 16 பேர். ஊதியம் குறைவு, ஆகவே ஆசிரியராகவோ செவிலியராகவோ வேலை பார்த்துக்கொண்டே ஆடுபவர்கள் பலர். கூடைப்பந்திலிருந்து வந்த எரின் ஃபிலிப்ஸ் 2017 இலும் 2019 இலும் லீகின் சிறந்த வீரராகத் தேர்வானார். கோவையில் கூடைப்பந்து ஆடி வளர்ந்த ஓர் அம்மா தன் மகளுக்குச் சொல்லித்தர நிறையவே வைத்திருக்கிறார்.

கொங்கு மண்ணிலேயே வளரும் இளைஞர்களுக்கு வழி மிகவும் குறுகலானது. அயர்லாந்திலிருந்து வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991 இல் பிரவுன்லோ பதக்கம் வென்றதும், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேசன் காக்ஸ் 2023 இல் காலிங்வுட் அணியோடு கோப்பை வென்றதும் உண்மைதான். வேறு விளையாட்டிலிருந்து வருவோரை ரூக்கிப் பட்டியலில் சேர்க்கத் தனி விதியும் இருக்கிறது. ஆயினும் அவர்கள் மிக உயரமானவர்கள், அல்லது இதற்கு நெருங்கிய ஆட்டத்தை ஆடி வந்தவர்கள். மெல்பர்னில் நடந்த சர்வதேசக் கோப்பைப் போட்டியில் 2008 முதல் இந்திய அணி ஆடியிருக்கிறது. ஆர்வத்துக்காகவும் அந்த அனுபவத்துக்காகவும் ஆடுங்கள். இதை நம்பிக் கல்லூரிப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

பருவம் முடிந்ததும், செப்டம்பர் அக்டோபரில், பட்டியலிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு கிளப் செய்தி சொல்லும். அந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில: காயங்களுக்கான மருத்துவப் பதிவுகளின் நகல்களை வாங்குவது, நிலுவையிலுள்ள சிகிச்சையை யார் செலவில் முடிப்பது என்று எழுத்தில் கேட்பது, வீரர் சங்கத்தில் ஓய்வுபெறுவோருக்கான உதவியைப் பதிவு செய்வது, நவம்பர் டிராஃப்டில் மீண்டும் பெயர் கொடுப்பதா, மாநில லீக் கிளப்பில் சேர்வதா என்பதை முகவரோடு முடிவு செய்வது. பெற்றோர் அன்று விமானம் ஏறிப் பக்கத்தில் போய் இருக்க முடிந்தால் போய்விடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.